வாசகர் வட்டத்தின் 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், கூட்டத்துக்கு வராமல் அறிக்கையை மட்டும் வாட்ஸப்பில் படிக்கப்போகிற அண்ணாச்சிமாருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார், அதற்குள் நான் போகவில்லை. மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் நடந்தன, மழையில் ஒன்றிரண்டு விட்டுப்போயின. இந்த ஆண்டு முழுக்க நாம் பேசிய பொருள் ஒன்றுதான்: செய்தித்தாள்கள் ஆபத்தை எப்படி எழுதுகின்றன, அந்த எழுத்தில் ஊர் மாறியது எப்படித் தெரிகிறது. வறட்டுத் தலைப்பு என்று முனகியவர்கள்தான் பிற்பாடு அதிகம் பேசினார்கள்.

கல்லூரியில் பாடம் நடத்தும் உறுப்பினர் ஒருவர்தான் ஆரம்பித்துவைத்தார். யென்ஸ் சின், டேனியல் மெக்டொனால்ட் என்ற இரு ஆய்வாளர்கள், 1987 முதல் 2014 வரை நியூயார்க் டைம்ஸில் 'ரிஸ்க்' என்ற சொல் வந்த வாக்கியங்களைக் கணினியில் போட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். ஒருவர் துணிந்து இறங்கினார் என்ற பொருளில் வினையாக வருவது குறைந்து, எங்கோ தானாக இருக்கிற ஒன்றைப் போலப் பெயர்ச்சொல்லாக வருவது கூடியிருக்கிறது, உடல்நலச் செய்திகளில் அதன் பங்கும் ஏறியிருக்கிறது. அமெரிக்கப் பத்திரிகைக்கும் பாளையங்கோட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று உடனே கேள்வி வந்தது. சரி, நம் பேப்பரையே பார்த்துவிடுவோம் என்று ஆளாளுக்குப் பரணில் கிடந்த கட்டுகளை இறக்கினோம்.

முதலில் கண்ணில் பட்டது அணை நீர்மட்டம். பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்ற கணக்கு இந்த ஊர்க்காரனுக்கு மனப்பாடம், காலையில் பேப்பர் வந்ததும் இன்றைக்கு எத்தனை ஏறியிருக்கிறது என்று பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முன்பெல்லாம் பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் காணுமா என்பதற்காகப் பார்த்தார்கள். வயலில் பாதி பிளாட் ஆகி, ஆற்றுக்கும் குளத்துக்கும் பக்கத்தில் வீடு ஏறிய பிறகு, அதே எண்ணை வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்பதற்காகப் பார்க்கிறோம். "அணை நெறைஞ்சா எங்க ஐயா கோயிலுக்குப் பொங்கல் வைப்பாரு, என் மவன் காரை மேட்டுல கொண்டு விடுதான்" என்றார் சீவலப்பேரிப் பக்கத்து உறுப்பினர் ஒருவர். 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு ஆற்றின் கோபம் புதிதில்லை, ஆனால் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டி, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு நின்றுபோன பிறகு, டீக்கடையில்கூட மஞ்சள், ஆரஞ்சு, ரெட் அலர்ட் என்றுதான் பேச்சு.

இதில் எனக்கு உறுத்துவது வேறு. 'தாழ்வான பகுதிகளில் வெள்ள அபாயம்' என்று ஒரு வரி வருகிறது. அந்தப் பகுதி தாழ்வாக இருப்பது அது குளமாக இருந்ததால்தான், அதை பிளாட் போட்டவர் ஒருவர், அனுமதித்தவர் ஒருவர் உண்டு. வாக்கியத்தில் அவர்கள் இல்லை, தண்ணீரும் அங்கே குடியிருப்பவரும் மட்டும்தான் இருக்கிறார்கள். செய்தியாளராக இருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. இரவு பதினோரு மணிக்குப் பக்கம் முடிக்கிறவனுக்கு மழைதான் செய்தி, பேரைப் போட்டால் மறுநாள் வக்கீல் நோட்டீஸ் வரும் என்றார். நியாயம்தான், ஆனால் மழை விட்ட பிறகும் அந்தப் பேர்கள் வருவதில்லையே.

கூடங்குளம் அணு உலை பற்றிய கூட்டம் கொஞ்சம் சூடாகவே போனது. உலைக்கான ஒப்பந்தம் 1988இல், ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து 2011 மார்ச்சில், அதே ஆண்டு இடிந்தகரையில் போராட்டம் பெருத்தது. செப்டம்பரில் தமிழக அமைச்சரவையும், மக்களின் அச்சம் நீங்கும் வரை பணிகளை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போட்டது. அந்தக் காலத்துத் தாள்களில் 'அச்சம்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. நிபுணர் பேசினால் அது ஆபத்தின் அளவு, அதற்குக் கணக்கு உண்டு. மீனவர் பேசினால் அது அச்சம், அதைப் போக்க வேண்டும். உலை வேண்டும், வேண்டாம் என்று இரண்டு பக்கமும் நம் வட்டத்தில் ஆள் இருக்கிறார்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் தலையாட்டினார்கள்.

அதிகம் யோசிக்க வைத்தது பீடிதான். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் எத்தனை வீட்டில் பீடி சுற்றும் தட்டு இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. 2016 ஏப்ரல் முதல் பொட்டலத்தில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று வந்தது, அது புகைப்பவருக்கு. நாள் முழுக்கப் புகையிலைத் தூளை மூச்சில் வாங்கி இலை சுருட்டுகிற பெண்ணுக்கு அந்தப் பொட்டலத்தில் ஒரு வரியும் இல்லை. பேப்பரில் அவள் வருவதும் பெரும்பாலும் 'வாழ்வாதாரம் பாதிக்கும் அபாயம்' என்ற செய்தியில்தான், அதாவது தொழில் நின்றுபோனால். சுற்றினாலும் கேடு, நின்றாலும் கேடு, அதில் ஒன்றுதான் அச்சேறுகிறது. இதைச் சொன்னதும் பீடி சுற்றும் வீட்டிலிருந்து வரும் நம் உறுப்பினர் அக்கா, "இருமலு எல்லாருக்கும் உள்ளதுதான, அதுல என்ன செய்தி இருக்கு" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

மியூச்சுவல் ஃபண்டு விளம்பரத்தில் கடகடவென்று வாசிக்கும் சந்தை அபாய வரி பற்றியும் ஒரு மாலை பேசினோம், பாதிப் பேர் பணம் போட்டவர்கள் என்பதால் பேச்சு தடம் மாறிவிட்டது.

வரும் ஆண்டில் விபத்துச் செய்திகளை எடுக்கலாம் என்று நிர்வாகக் குழு நினைக்கிறது. பழைய தாள் வைத்திருப்பவர்கள் எடைக்குப் போடும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சந்தா பாக்கியைப் பொருளாளர் அண்ணாச்சியிடம் இன்றே கட்டிவிடலாம், அவர் கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடுவார்.

இப்படிக்கு,
செயலாளர்