நேரில் சொல்லு, மகள்

அன்பு மகளுக்கு,

உன்னைப் பிரிவுக்குப் பொறுப்பாகப் போட்டது எங்களுக்குப் பெரிய சந்தோசம். ஆனால் முதல் வேலையாகவே, கூட இருந்த இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்தவேண்டும் என்று சொல்லும்போது உன் குரல் அடைத்துப் போச்சு. அன்றிரவு முழுக்க எனக்கு மசாய் உஜிரியின் நினைவுதான்.

எங்கள் ரொறன்ரோவின் ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியை நடத்தியவர் என்ற அளவில்தான் உனக்கு அவரைத் தெரியும். நைஜீரியாவின் சாரியாவில் வளர்ந்த பெடியன். ஐரோப்பாவில் விளையாடிப் பார்த்தார், பெரிதாக வரவில்லை. பிறகு ஒர்லாண்டோ அணிக்காக இளம் வீரர்களைத் தேடிப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுத்தார், அதுவும் சம்பளம் இல்லாமல். தெரிந்தவர்கள் வீட்டில் படுத்தெழும்பித்தான் அந்தக் காலம் போனது. அப்படி வந்தவர் 2010இல் டென்வர் அணிக்குப் பொது முகாமையாளர் ஆனார். 2013இல் அந்த ஆண்டின் சிறந்த நிர்வாகி விருதையும் வாங்கிக்கொண்டு ரொறன்ரோவுக்கு வந்தார்.

2018 உனக்கு நினைவிருக்கும். பருவம் முழுக்க 59 வெற்றி எடுத்தும், பிறகு வந்த வெளியேற்றுச் சுற்றில் கிளீவ்லாந்து அணியிடம் நாலுக்குச் சைபர் என்று தோற்றோம், அதே அணியிடம் மூன்றாவது வருசமாக. பயிற்சியாளர் ட்வேன் கேசியை மே மாதம் நிறுத்தினார்கள். அடுத்த மாதமே அவருக்கு ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது கிடைத்தது. யூலையில் எங்கள் முன்னணி வீரர் டெமார் டிரோசானையும் சான் அந்தோனியோ அணிக்குக் கொடுத்துவிட்டார் உஜிரி. ஒன்பது வருசம் இங்கே விளையாடியவர், வேறு ஊரை எட்டியும் பார்க்காமல் இந்தக் குளிருக்குள்ளேயே இருக்கிறேன் என்று மறுபடி ஒப்பந்தம் போட்டவர். நீ அவருடைய பத்தாம் இலக்கச் சட்டையைக் கழற்றி அலுமாரிக்குள் எறிந்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாய்.

பதிலுக்கு வந்த கவாய் லெனார்ட் முந்தின பருவத்தில் ஒன்பது ஆட்டம்தான் ஆடியிருந்தார். ஒரு வருசத்தில் போய்விடுவார் என்றும் சனம் கதைத்தது. அப்படியே போகவும் செய்தார். ஆனால் அந்த ஒரு வருசம்! பிலடெல்பியாவோடு ஏழாவது ஆட்டத்தில் அவர் எறிந்த பந்து வளையத்தில் நாலு தரம் குதித்துக் குதித்து உள்ளே விழுந்ததும், 2019 யூன் 13 ஓக்லாந்தில் ராப்டர்ஸ் சம்பியன் கிண்ணம் தூக்கியதும் நாங்கள் கண்ணால் கண்டது.

முடிவு சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சொன்ன விதம் சரியில்லை. டிரோசானைக் கொடுப்பதற்குச் சில நாள் முந்தி லாஸ் வேகாசில் உஜிரியும் அவரும் கதைத்திருக்கிறார்கள். தன்னை மாற்றமாட்டார்கள் என்ற நினைப்போடுதான் டிரோசான் எழும்பிப் போனார். ஒன்றைச் சொல்லி வேறொன்றைச் செய்துவிட்டார்கள் என்று பிறகு மனம் உடைந்து எழுதினார். உஜிரி ஒளிக்கவில்லை. பத்திரிகையாளர் முன்னால் இருந்து, அவரிடமும் அவர் குடும்பத்திடமும் மன்னிப்புக் கேட்டார். அந்தக் குணத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். என்றாலும் கிண்ணம் வந்ததால் அந்த மனுசனுக்குக் கொடுத்த அரைகுறை நம்பிக்கை இல்லாமல் போகாது, மகள். உஜிரியையும் 2025இல், பன்னிரண்டு பருவம் கழித்து, ஒப்பந்தம் முடிய முன்னமே அதே நிறுவனம் அனுப்பிவிட்டது.

உன் மேலிடம் முடிவெடுத்தாயிற்று என்கிறாய். அப்படியென்றால் "பார்ப்போம்", "கதைச்சுப் பார்க்கிறன்" என்ற சொல் உன் வாயில் வரவே கூடாது. மின்னஞ்சலும் வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு, முதல் வசனத்திலேயே விசயத்தைச் சொல்லு. கடைசி நாள் எது, எத்தனை கிழமைக்குச் சம்பளம் வரும், பல்லு, மருந்துக் காப்புறுதி எப்போது நிற்கும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடு. சிபாரிசுக் கடிதத்தை முன்னமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோ. அவர்கள் கோபப்பட்டால் கேட்டுக்கொண்டு இரு. உனக்கும் கஷ்டம்தான், ஆனால் அதை அவர்களிடம் சொல்லாதே, என்னிடம் சொல்லு.

அந்த மூத்தவரின் மகன் இந்த வருசம் பல்கலைக்கழகம் போகிறான் என்றாய். அவரை முதலில் கூப்பிடு. வேறு கிளையில் இடம் இருக்கிறதா என்று இன்றைக்கே விசாரி. உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அவரிடம் சொல்லு.

அன்புடன்,
அம்மா