மலைக்கு நடுவில் சூரியன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நவீன ஓவியம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இன்றைய ஓவியர்கள் கடவுளையும் விட்டுவிட்டார்கள், இயற்கையையும் மறந்துவிட்டார்கள், புரியாத கோடுகளைப் போட்டு விற்கிறார்கள் என்று அதில் இருந்தது. 31 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். அந்த வரியைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஆறாம் வகுப்பில் 'இயற்கைக் காட்சி வரைங்க' என்று சொன்னால் என்ன வரும் என்று எந்த ஓவிய ஆசிரியரும் பார்க்காமலே சொல்லிவிடுவார். இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், அங்கிருந்து இறங்கி வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நாலு பறவை. எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் அப்படி மலையும் கிடையாது, வாசலில் ஆறும் கிடையாது. மேற்கே பச்சைமலை நீளமாகப் படுத்திருக்கும், அவ்வளவுதான். நானும் சிறுவயதில் அந்தப் படத்தைத்தான் வரைந்தேன். ஆசிரியரான பிறகும் பல வருஷம் அதற்குத்தான் பத்துக்கு எட்டு போட்டேன்.

அதை நிறுத்த வைத்தது ஆதிமூலத்தின் ஒரு ஓவியம். கே.எம். ஆதிமூலத்தைக் கறுப்பு மைக் கோடுகளில்தான் எனக்குப் பழக்கம். 1969-ல் காந்தி நூற்றாண்டின்போது காந்தியை நூறு கோட்டோவியங்களில் கொண்டுவந்தவர். தமிழ் இதழ்களில் கதைகளுக்கு அவர் போட்ட படங்களை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். 1996-ல் ஒரு பயிற்சிக்காகச் சென்னை போனபோது, ஒரு காட்சிக்கூடத்தில் அவருடைய எண்ணெய் வர்ண ஓவியத்தை முதல்முறையாக நேரில் பார்த்தேன். மரம் இல்லை, மலை இல்லை, தொடுவானம்கூட இல்லை. வர்ணம் மட்டும் தடிப்பாக ஏறியிருந்தது. முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கீழ்மூலையில் இருந்த ஒரு கருஞ்சிவப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. சின்ன வெங்காயம் பிடுங்கிக் குமித்து வைத்திருக்கும்போது, சாயங்கால வெயிலில் அந்தக் குமியலும் கரிசல் மண்ணும் ஒன்றோடொன்று கலந்து ஒரு நிறம் தெரியும். அப்பாவின் காட்டில் எத்தனையோ தடவை பார்த்த நிறம். ஆதிமூலமும் திருச்சி மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர்தான். அவர் இதைத்தான் நினைத்து வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மண்ணை உற்றுப் பார்த்துப் பழகாத கண்ணுக்கு அந்த நிறம் அகப்படாது.

ஊர் திரும்பியதும் பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். படம் வேண்டாம், நிறம் மட்டும் கலந்து காட்டுங்கள் என்றேன். ஒரு மாணவி வெகுநேரம் கலந்துகொண்டே இருந்தாள். கேட்டதற்கு, "சார், மண்ணு மேல வெள்ளையா இருக்கு, வெடிப்புக்குள்ளதான் கறுப்பா இருக்கு, ரெண்டும் எப்படி ஒரே மண்ணு?" என்றாள். என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல கேள்வி அதுதான்.

அப்புறம் கடவுள் விஷயம். ஓய்வுபெற்ற வருஷம் என் மனைவியைச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு அழைத்துப்போனேன். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் தொடங்கிய கிராமம். ஓவியர்கள் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற காசில் நிலம் வாங்கி, வீடு கட்டி, சேர்ந்து வாழ்ந்த இடம். அங்கே பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியம் ஒன்றின் முன் என் மனைவி நின்றுவிட்டாள். கட்டங்கள், எண்கள், மலையாள எழுத்தைப் போன்ற, ஆனால் வாசிக்க முடியாத வரிகள். "இது யாரு ஜாதகங்க?" என்று கேட்டாள். யாருடையதும் இல்லை, படிக்கவும் முடியாது என்றேன். "கோயில் கல்வெட்டும்தான் நமக்குப் படிக்கத் தெரியாது, தொட்டுக் கும்பிட்டுட்டுத்தானே வர்றோம்" என்றாள். பணிக்கரைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் எதிலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை.

அங்கிருந்து உருவானவர்களில் எஸ்.ஜி. வாசுதேவ் மரத்தையே ஒரு வரிசையாக வரைந்தார். 'விருட்சம்' என்று பெயர். கே.வி. ஹரிதாசன் வட்டத்தையும் முக்கோணத்தையும் வைத்தே 'பிரம்மசூத்திரம்' வரிசையை வரைந்தார். இவர்களைக் கடவுளை விட்டவர்கள் என்று எப்படிச் சொல்வது? சாமி படம் என்றால் கண், மூக்கு, நகை எல்லாம் இருக்க வேண்டும் என்பது நாளடைவில் நமக்கு வந்த பழக்கம். லிங்கத்துக்கு ஏது கண், மூக்கு?

உங்களிடம் ஒரு குறையும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டுரையோடு ஒரு ஓவியத்தை அச்சிட்டிருந்தீர்கள், தபால்தலை அளவில், கறுப்பு வெள்ளையில். வரைந்தவர் பெயர் இல்லை. எந்த வருஷம், எண்ணெய் வர்ணமா நீர்வர்ணமா, எத்தனை அடி என்று ஒன்றும் இல்லை. வர்ணத்தாலேயே பேசுகிற ஒரு படத்தை அப்படிப் போட்டுவிட்டுப் புரியவில்லை என்றால் அது வாசகர் குற்றமா, ஓவியர் குற்றமா? வாரம் ஒரு ஓவியத்தை வண்ணத்தில், அரைப் பக்கத்துக்கு, இந்த விவரங்களோடு போடுங்கள். விளக்கம்கூட வேண்டாம். கிராமத்துப் பள்ளிகளில் ஓவிய வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் வாங்கிக்கொள்கிறார்கள், திருப்பித் தருவதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் அரைப் பக்கம் சுவரில் ஒட்ட உதவும்.

இன்னொன்று. சோழமண்டலம் ஈஞ்சம்பாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. சென்னையைப் பார்த்துவிட்டு அந்தச் சாலை வழியாக மாமல்லபுரம் போகும் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் அதைத் தாண்டித்தான் போகின்றன. ஒரு மணி நேரம் அங்கே நிறுத்தச் சொல்லி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
பெரம்பலூர் மாவட்டம்.