முதலில் வாட்டம், அப்புறம் டைல்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

யாங்கோனில் எங்கள் பகுதித் தமிழர் கூடத்தின் சமையற்கட்டைப் புதுப்பிக்கப் போகிறார்கள். நல்ல காரியம். முன்பு கோயில் விசேஷத்துக்கு மட்டும் எரிந்த அடுப்பு இப்போது வாராவாரம் எரிகிறது. கூலி வேலை கிடைக்காதவர்கள், தனியாக இருக்கும் பெரியவர்கள், 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மாண்டலே பக்கமிருந்து உறவினர் வீடு தேடி வந்தவர்கள் எல்லாரும் ஞாயிறு பந்தியில் உட்காருகிறார்கள். பகோ, தன்லின் பக்கமும் கூடங்களைச் செப்பனிடுகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கூட்டத்தில் பேச்செல்லாம் டைல்ஸ் என்ன நிறம், உபயதாரர் பெயர்க்கல்லை எங்கே பதிப்பது என்பதிலேயே போயிற்று. தண்ணீர் வழிந்தோடத் தரையைச் சரித்து வாட்டம் விடுவதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பத்து வீசை அரிசி, அதாவது 16 கிலோ, வடித்தால் எவ்வளவு கஞ்சி வரும் என்பது வடித்தவர்களுக்குத் தெரியும். அது சாக்கடைக்குப் போகாமல் அடுப்படியிலேயே தேங்குகிறது. போன மழைக்காலத்தில் சாம்பார் வாளியோடு வழுக்கி விழுந்த அக்காவுக்கு முழங்கை வரை வெந்துவிட்டது. இன்றும் அந்தக் கையால் அவர் கரண்டி பிடிப்பதில்லை. வழவழப்பான டைல்ஸ் ஒட்டினால் இன்னொருவரும் விழுவார். சொரசொரப்பான கல் போடுங்கள். மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டராவது சாக்கடைப் பக்கம் தாழ்ந்து வர வேண்டும்.

அடுத்தது புகை. கரண்டை நம்ப முடியாத ஊரில் கரியும் விறகும்தான் துணை. சாரலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரி மூட்டினால் கண் எரிவதோடு போகாது. வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளையே சாய்த்துவிடும். கூரையைத் தாண்டிப் போகிற புகைபோக்கி கட்டாயம் வேண்டும்.

பெரிய ஃபிரிட்ஜ் வாங்கித் தர ஒருவர் முன்வந்திருக்கிறார். அவருடைய நல்ல மனசுக்கு நன்றி. ஆனால் கரண்ட் போய்ப் போய் வந்தால் அதில் வைத்த சோறு தாங்காது. சமைத்த சோறு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடக்கக் கூடாது. கெட்ட சோற்றைத் திரும்பச் சூடாக்கினாலும் அதிலுள்ள நஞ்சு போகாது. காய்ந்த வயிற்றோடு வருகிறவர்களுக்கு அதையா போடுவது? அந்தப் பணத்தில் சின்ன அண்டாக்கள் இரண்டு வாங்கினால், பந்திக்குப் பந்தி சுடச்சுட வடித்துப் போடுவோம்.

வேலை தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கஞ்சி வடிக்கும் நேரமாகப் பார்த்துக் கொத்தனாரைக் கூட்டி வாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று நானே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, யாங்கோன்