அக்கா மகன் வழக்கு விஷயமாக

தேவிபட்டினம்

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே தடைக்காலம் நடக்கிறது. விசைப்படகுகள் எல்லாம் சும்மா நிற்கின்றன. நாட்டுப்படகு மீனுக்குத்தான் கிராக்கி. கீழக்கரையில் என் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நலம்.

நேற்று உன் அக்கா மகனைப் போய்ப் பார்த்தேன். ஜாமீனில் வந்துவிட்டானே தவிர, இரண்டு அடி நடக்கவே சுவரைப் பிடிக்கிறான். உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள். அங்கே தோல் இயல்பாகவே தடிப்பு, அடித்த தடம் சரியாகத் தெரியாது. தெரிந்துதான் அங்கே அடிக்கிறார்கள். தொடையில் நீலமாக இருந்த கன்றல் பச்சையாகி, இப்போது மஞ்சளுக்கு வந்துவிட்டது. இன்னும் சில நாளில் அதுவும் மறைந்துவிடும். வழக்கு விசாரணைக்கு வரும்போது உடம்பில் ஒன்றும் இருக்காது, தாளில் இருப்பதுதான் மிஞ்சும். வக்கீல் குமாஸ்தாவாக இருந்த காலமெல்லாம் நான் பார்த்தது இதைத்தான்.

தாள்களை வாங்கிப் படித்தேன், வயிறு எரிந்தது. மருத்துவமனைச் சீட்டில் ‘வழுக்கி விழுந்ததாகக் கூறுகிறார்’ என்றிருக்கிறது. அதைக் கூறியது கூட்டிப்போன காவலர். நடுவர் ‘போலீசார் அடித்தார்களா?’ என்று கேட்டதற்கு, ‘இல்லை ஐயா’ என்றிருக்கிறான். அடித்தவர்களே முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது பிள்ளை வேறு என்ன சொல்வான்? நாளை அந்த ஒரு வரியைத்தான் எதிர்த்தரப்பு தூக்கிப் பிடிக்கும். ஆனால் சிறைக்குள் எடுத்தபோது காயங்களைப் பதிவேட்டில் குறித்திருக்கிறார்களாம். அந்த நகலுக்கு மனுப் போடச் சொல்லியிருக்கிறேன். கைதானவருக்கு மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலைத் தர வேண்டும் என்பது சட்டம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 53-ஆம் பிரிவு. அதையும் கேட்க வேண்டும்.

இன்னொன்று. ஞாயிறு இரவு வீட்டிலிருந்து இழுத்துப் போனவனுக்குச் செவ்வாய்க்கிழமைதான் கைது காட்டியிருக்கிறார்கள். முன்பெல்லாம் பிள்ளையைப் பிடித்துப் போனதும் தாய்மார்கள் கலெக்டருக்கும் நடுவருக்கும் தந்தி அடிப்பார்கள். அதிலுள்ள தேதியும் நேரமும் எத்தனையோ பொய் வழக்குகளில் கைகொடுத்திருக்கின்றன. 2013-இல் தந்தியையே நிறுத்திவிட்டார்கள். அக்கா திங்கள் காலையில் எஸ்.பி. அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்ப வைத்திருக்கிறாள். நல்ல காரியம் செய்தாள். அந்த நேரம்தான் நமக்கு ஆதாரம்.

காவல் நிலைய கேமராப் பதிவைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. அதே ஆண்டு, தந்தையும் மகனும் போலீஸ் அடியில் இறந்த சாத்தான்குளத்தில் பதிவுகள் அன்றன்றே அழியும்படி வைத்திருந்ததை நாடே பார்த்தது. அங்கே உண்மையைச் சொன்னவர் அதே நிலையத்துப் பெண் தலைமைக் காவலர். அப்படி ஒருவர் எல்லா ஊரிலும் கிடைப்பாரா? காவலருக்கு எதிராகக் காவலர் சாட்சி சொல்வது அரிது என்று 1995-இல் உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் வருந்தியிருக்கிறது.

காவலில் இருந்தவனுக்குக் காயம் என்றால், அதை ஏற்படுத்தியது காவலரே என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் எனச் சட்டத்தைத் திருத்தும்படி 1985-இலேயே சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. இன்றுவரை அது சட்டமாகவில்லை. நான்கு சுவருக்குள் அடி வாங்கியவனே சாட்சி தேடி அலைய வேண்டும் என்பது என்ன நியாயம், சேவியர்? என் மனம் இதை ஏற்கவே மாட்டேன் என்கிறது.

ஆனாலும் நம்பிக்கை இழக்காதே. நம் எஸ்.பி.பட்டினம் காவல் நிலையத்தில் 2014-இல் விசாரணைக்குப் போன இளைஞனைச் சுட்ட சப்-இன்ஸ்பெக்டர், தற்காப்புக்காகச் சுட்டதாகத்தான் சொன்னார். 2022-இல் ராமநாதபுரம் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. எட்டு ஆண்டு ஆனது என்பதையும் மனதில் வைத்துக்கொள்.

வரும் திங்கட்கிழமை வக்கீலுடன் போய் மனுக்களைத் தாக்கல் செய்கிறோம். செலவைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். ஒன்று மட்டும் செய்: அன்று அவன் போட்டிருந்த சட்டையைத் துவைக்காமல், காகிதத்தில் சுற்றி எடுத்துவைக்கச் சொல்லி அக்காவுக்கு இன்றே போன் செய். நான் சொன்னால் கேட்க மாட்டாள், ரத்தக்கறையைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்கிறாள்.

அன்புடன்,
ராமசாமி