நீர்ச்சுழற்சிப் பாடத்தை உப்பளத்தில் தொடங்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி நீர்ச்சுழற்சிக்கு வரைந்த படத்தில் மலையுச்சி முழுவதும் பனி மூடியிருந்தது. நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியும் மலையில் பனி உறைந்து அவளும் கண்டதில்லை, நானும் கண்டதில்லை. ஆவியாதல், ஆவி சுருங்குதல், மழைப்பொழிவு என வரிசை பிசகாமல் ஒப்பித்தவளிடம், கடல்நீர் உப்பாக இருக்க மழைநீர் மட்டும் ஏன் கரிப்பதில்லை என்று கேட்டேன். பதில் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் புத்தளம் உப்பளத்துக்கு அழைத்துச் சென்றேன். பாத்திகளில் கட்டிய உவர்நீர் வெயிலில் வற்றி, உப்பு மட்டும் வெள்ளையாகப் பூத்துக் கிடப்பதைப் பார்த்ததும், "தண்ணிதான் மேல போவும், உப்பு இங்கேயே கிடக்கும், இல்லையா தாத்தா?" என்றாள். ஆவியாதல் என்ற சொல்லுக்கு அன்றுதான் அவளுக்குப் பொருள் கிடைத்தது.

இந்தப் பாடத்துக்கு நம் குமரி மாவட்டத்தைப் போல வாய்ப்பான இடம் அரிது. தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து மழையாவதைக் கீரிப்பாறைப் பக்கம் நின்றால் கண்ணால் காணலாம்; அதே ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிவிட்டால் மழை குறைந்து காற்று மட்டும் வீசுவதையும் பேருந்தில் போகும் பிள்ளைகள் உணரலாம். குலசேகரம் பக்கத்துப் பள்ளிகளில் ரப்பர் மரத்தின் இலைக்கொத்தொன்றில் பாலித்தீன் பையைக் கட்டி, சிறிது நேரம் வெயிலில் விட்டால், இலைகள் வெளிவிட்ட நீர் பையின் உட்புறம் துளிகளாகப் படிவதைக் காட்டலாம். பெய்த மழையில் ஒரு பங்கு சுருளோட்டில் பழையாறாகத் தொடங்கி, வழியில் வயல்களின் கசிவையும் சேர்த்துக்கொண்டு, சுசீந்திரம் வழியாக மணக்குடியில் கடலில் சேர்கிறது. நாங்கள் பார்த்த உப்பளம் அந்தக் கழிமுகத்துக்கு அருகில்தான் இருக்கிறது.

தங்கள் நாளிதழில் மழைக்காலத்தில் பாலமோர், சுருளோடு, மயிலாடி, கொட்டாரம் முதலிய இடங்களின் மழையளவும், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டமும் வெளிவருகின்றன. பெரியவர்கள் பாசனத்துக்காகப் பார்க்கும் அந்தப் பட்டியல் பிள்ளைகளுக்கு நல்ல பாடம். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர் என்பதைச் சொல்லிவிட்டால், 50 சதுர மீட்டர் வகுப்பறைக் கூரையில் 20 மில்லிமீட்டர் மழைக்கு 1,000 லிட்டர் விழுந்தது என்று அவர்களே கணக்கிடுவார்கள். பாலமோரில் பெய்த மழைக்குப் பின் பேச்சிப்பாறையின் மட்டம் அதன் முழுக் கொள்ளளவான 48 அடியை நோக்கி எப்படி ஏறுகிறது என்பதை ஒரு மாதம் வரைபடத்தில் குறித்து வரலாம்.

ஆகவே, பருவம் தொடங்கும் ஜூன் மாதத்திலேயே இப்பாடத்தை எடுக்கவும், ஒரு நாளாவது மாணவர்களை உப்பளத்துக்கும் அணைக்கும் அழைத்துச் செல்லவும் மாவட்டக் கல்வித்துறை ஏற்பாடு செய்ய வேண்டும். தாங்களும் மழையளவுப் பட்டியலுக்குக் கீழே, மாணவர்களுக்கான விளக்கத்தை வாரம் ஒருமுறை இரண்டு வரிகளில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
நாகர்கோவில்.