எங்கள் குறும்படத்தின் நிறத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

படம் முடிந்துவிட்டது. இறுதிப் பெயர்ப் பட்டியலில் 'கலர் கிரேடிங்' (எடுத்த காட்சிகளின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சீராக்கும் வேலை) என்ற வரிக்கு எதிரே என் பெயர் மட்டும்தான் வருகிறது. பட்டியல் நீண்டால் பார்ப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பது இயக்குநரின் கட்சி. இருக்கட்டும். அங்கே இடம் கிடைக்காதவர்களுக்கு இங்கே எழுதுகிறேன்.

முதலில் உதவி ஒளிப்பதிவாளர் தம்பிக்கு. விளக்கை நகர்த்தினாலும் வெயில் மாறினாலும் கிரே கார்டோடு (நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டை) நடிகரின் முகத்தருகே வந்து நிற்பாய். நேரம் போகிறது என்று உன்னைத் திட்டாதவர் இல்லை. நம்மிடம் இருந்தவையோ வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு கேமராக்கள். ஒன்றில் முகங்கள் பச்சையடித்தன, மற்றொன்றில் சிவந்தன. அட்டை தெரிகிற ஃபிரேமில் நிறுத்தி, நிறங்களின் அளவை வரைபடமாகக் காட்டும் பரேடு ஸ்கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தால் போதும். இரண்டின் நிறமும் ஏறக்குறைய இணைந்துவிடும். அட்டை இல்லாத ஷாட்டுகளில் வெள்ளைச் சுவரையும் சட்டைக் காலரையும் வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது. இந்தப் படத்தின் நிறத்தில் பாதி உன்னுடையது. மிகைப்படுத்தவில்லை.

ஒளிப்பதிவாளர், லாக்கில்தான் (வெளிச்ச விவரங்களை அதிகம் காக்கும், மங்கலாகத் தெரியும் பதிவு முறை), அதுவும் 10 பிட்டில்தான் எடுப்பேன் என்று பிடிவாதமாக நின்றார். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1,024. கடைசிக் காட்சியின் அந்தி வானத்தின் நிறத்தை இழுத்து மாற்றிப் பார்த்தபோதுதான் அந்த எண்களின் அருமை தெரிந்தது. வானம் பட்டை பட்டையாக உடையவே இல்லை. அத்தனை பெரிய கோப்புகளுக்கு ஹார்டு டிஸ்க் கடன் கொடுத்த நண்பனையும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன்.

சீனியர் அக்கா, உங்களிடம் கற்றதை எழுதினால் மடல் நீண்டுவிடும். "திருத்தங்களை முதலில் செய், லட்டைக் கடைசி நோடில் வை" என்றீர்கள். லட் (LUT) என்பது நிறங்களை ஒரே அடியில் மாற்றும் ஆயத்த அட்டவணை; நோடு என்பது மென்பொருளில் திருத்தங்களை வரிசையாக அடுக்கும் ஒரு படி. லட் வெட்டித் தள்ளிய வெளிச்சத்தை அதற்குப் பின்னால் எந்த நோடாலும் மீட்க முடியாது. முன்னாலேயே இறக்கிவிட்டால் ஜன்னலுக்கு வெளியே மேகம் தெரிகிறது. நிறச் சாயலையும் செறிவையும் வட்டத்தில் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் தோல் நிறத்துக்கென்று ஒரு கோடு இருப்பதையும் நீங்கள்தான் காட்டினீர்கள். கறுத்த தோலானாலும் வெளுத்த தோலானாலும் இயல்பான ஒளியில் அந்தக் கோட்டை ஒட்டியே விழுகிறது. வேறுபடுவது பெரும்பாலும் வெளிச்சமும் செறிவும்தான். எனவே முகத்தைச் சரிசெய்வது என்றால் வெளுப்பாக்குவது என்று பொருளல்ல. குழுவிலேயே ஒருவர் நாயகியை "கொஞ்சம் பளிச்சென்று" ஆக்கச் சொன்னபோது, "என் நிறத்தில் கை வைக்காதீர்கள்" என்று முகத்துக்கு நேரே சொன்ன எங்கள் நடிகைக்குத் தனியாக ஒரு வணக்கம். கை வைக்கவில்லை. டியூப் லைட் கொட்டிய பச்சையை மட்டும் எடுத்திருக்கிறேன்.

ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு: இரவில் கதவைத் திறந்துவிட்டதோடு, ரெக் 709 என்ற வீடியோ நிறத் தரத்துக்கு அளவு செய்த மானிட்டரையும் நம்பிக் கொடுத்தீர்கள். என் மடிக்கணினித் திரையை நம்பியிருந்தால் படம் முழுக்க நீலம் ஏறியிருக்கும். கண் பழகிவிட்டால் எந்த நிறமும் சரியாகவே தோன்றும். அதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிந்திருந்தீர்கள். அவ்வப்போது என்னை நாற்காலியிலிருந்து எழுப்பி வெளியே துரத்தியதற்குத்தான் உண்மையான நன்றி. திரும்பி வந்தால் முந்தைய ஷாட்டின் மஞ்சள் அப்பட்டமாகத் தெரியும்.

அரங்கத்தில் புரொஜெக்டரை இயக்குபவர், திரையிடலுக்கு முன்பே ஒருமுறை போட்டுப் பார்க்க அனுமதித்தார். மானிட்டரில் தெளிவாக இருந்த இரவுக் காட்சி அங்கே வெறும் இருட்டு. நிழல்களைச் சற்றே உயர்த்தி அரங்கத்துக்கென்று தனிப் பிரதி எடுத்தோம்.

மென்பொருளுக்குச் செலவே இல்லை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதுமானதாக இருந்தது. புராஜெக்ட் கோப்பையும் ஒவ்வொரு காட்சியின் ஸ்டில்களையும் ஆய்வகக் கணினியில் வைத்திருக்கிறேன். அடுத்து படம் எடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஹார்டு டிஸ்க்கை இந்த வாரமே திருப்பித் தந்துவிடுகிறேன், நண்பா.

அன்புடன்,
உங்கள் கலரிஸ்ட்