யாரும் வராத கூட்டம்

பாளையங்கோட்டை,
18-8-2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போன வாரம் டொராண்டோவிலிருந்து தொலைபேசியில் நம் ஊர் மேயரைப் பற்றி நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் பேத்தி உன்னைக் கூப்பிட்டுவிட்டாள். அதுவும் நல்லதாகப் போயிற்று. அந்தப் பதிலை வாயால் சொல்லியிருந்தால் கோபம்தான் முன்னால் வந்திருக்கும்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் தங்கச்சிக்கு, அதாவது என் மனைவிக்கு, கண் அறுவை சிகிச்சை முடிந்து இருபது நாளாகிறது. இப்போது நாளிதழைக் கண்ணாடி இல்லாமல் படித்து, நான் படிப்பதற்கு முன்பே எனக்குச் செய்தி சொல்கிறாள். ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டது, ஆனாலும் காற்று குறையவில்லை. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் வடம் அறுந்ததைப் பற்றி நீயே படித்திருப்பாய். நான் ரத வீதியில் நின்றிருந்தேன். புது வடம் வரும்வரை அத்தனை கூட்டமும் வெயிலில் நகராமல் நின்றது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். "நம்ம ஊர் மேயரை ஏன் மாற்றினார்கள்?" என்று கேட்டாய். என்னிடமும் சரியான பதில் இல்லை, மாப்பிள்ளை. இந்தத் திருநெல்வேலியில் ஐந்து லட்சம் பேர் வாழ்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். மன்ற எழுத்தராக ஒரு நகராட்சியில் தலைமுடி நரைத்தவன். எனக்கே தெரியவில்லை என்பதுதான் என் ஆற்றாமை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீயே பார்.

2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. மொத்தம் 55 வார்டு. அதில் 51 தி.மு.க. கூட்டணிக்கு, 4 அ.தி.மு.க.வுக்கு. மார்ச் 4ஆம் தேதி உறுப்பினர்கள் கூடி பி.எம். சரவணனை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. எதிர்க்கட்சி என்று சொல்ல நான்கு பேர் மட்டுமே இருக்கும் மன்றத்தில் சச்சரவுக்கு இடமே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சில மாதங்களிலேயே உறுப்பினர்களுக்கும் மேயருக்கும் ஒத்துப்போகவில்லை. கூட்டங்களில் கூச்சலும் வெளிநடப்பும் வழக்கமாயின. கூச்சல் போட்டவர்களும் அதே கட்சிக்காரர்கள்தான். உட்கட்சிப் பூசல் என்று நாளிதழ்கள் எழுதின. எந்தத் தெருவுக்கு எந்தப் பணி மறுக்கப்பட்டது, எந்த ஒப்பந்தத்தில் யாருக்கு என்ன ஐயம் என்று முழுதாக யாரும் எடுத்து வைக்கவில்லை. கடைசியில் 38 உறுப்பினர்கள் மேயர்மீது நம்பிக்கையில்லை என்று கையெழுத்துப் போட்டு ஆணையரிடம் கொடுத்தார்கள். 2024 ஜனவரி 12 என்று நாள் குறிக்கப்பட்டது.

அந்த நாளை நினைத்துப் பார். டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. சந்திப்புப் பேருந்து நிலையத்தைத் தண்ணீர் சூழ்ந்தது. குறுக்குத்துறை முருகன் கோயில் நீரில் மூழ்கியது. நாம் மாலை நேரத்தில் உட்கார்ந்து பேசிய படிக்கட்டுகளில் சேறு முழங்கால் அளவு கிடந்தது. மக்கள் நனைந்த மெத்தையையும் அரிசி மூட்டையையும் வாசலில் போட்டுக்கொண்டு நின்ற காலம் அது. அந்த நேரத்தில் நகரத்தின் மன்றம் கூடுகிறது என்றால் எவ்வளவு பேச வேண்டியிருந்திருக்கும்! வாய்க்கால்கள் ஏன் அடைபட்டன, மேயர் என்ன செய்யத் தவறினார், எதைச் செய்ய விடவில்லை என்று இரு தரப்பும் நாள் முழுவதும் பேசியிருக்கலாம்.

அன்று மன்றத்துக்கு ஒருவர்கூட வரவில்லை.

கையெழுத்துப் போட்ட 38 பேரும் வரவில்லை. போடாதவர்களும் வரவில்லை. மேயரும் வரவில்லை. அதற்கு முன்பே கட்சித் தலைமை அவர்களைக் கூப்பிட்டுப் பேசி முடித்திருந்தது. ஆணையர் காத்திருந்து பார்த்துவிட்டு, தீர்மானம் தோல்வியடைந்தது என்றும் இன்னும் ஓராண்டுக்கு இப்படியொரு தீர்மானம் கொண்டுவர முடியாது என்றும் அறிவித்துவிட்டார். சட்டப்படி அவர் செய்தது சரி. வெற்று நாற்காலிகளை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்ய முடியும்?

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குள் இருந்த பழைய எழுத்தன் விழித்துக்கொண்டான். கூட்ட நடவடிக்கைகளைப் பதியும் மினிட் புத்தகத்தில் அன்று என்ன எழுதியிருப்பார்கள்? ஐம்பத்தைந்து பேரின் இரண்டாண்டுக் கோபம் ஓரிரு வரியில் முடிந்திருக்கும்.

நான் பார்த்த ஒரு கூட்டத்தைப் பற்றி உனக்கு எப்போதோ சொல்லத் தொடங்கி நிறுத்தியிருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த நகராட்சியில் தலைவர்மீது இதே தீர்மானம் வந்தது. பழைய நகராட்சிச் சட்டப்படி விவாதத்துக்கு இரண்டு மணி நேரம். அதற்குமேல் நீட்ட முடியாது, இன்னொரு நாளுக்குத் தள்ளவும் முடியாது. தலைமை வகிக்கும் அதிகாரி எந்தப் பக்கமும் பேசக் கூடாது. முதலில் எழுந்தவர் ஒரு பெண் உறுப்பினர். பீடி சுற்றிப் பிழைத்தவர், மேடையில் பேசிப் பழக்கமில்லாதவர். தன் வார்டில் நீரேற்று மோட்டார் பழுதாகிப் பதினொரு நாள் குடிநீர் இல்லை என்பதை ஒவ்வொரு நாளாகச் சொன்னார். முதல் நாள் யாரிடம் சொன்னேன், மூன்றாம் நாள் யாரைப் பார்த்தேன், ஏழாம் நாள் தலைவர் வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று. முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, நான் சொன்னது அப்படியே புத்தகத்தில் ஏற வேண்டும்" என்றார்.

தலைவர் பதில் சொன்னார். அவரும் நாள் கணக்கோடுதான் வந்திருந்தார். மோட்டாருக்கு ஒப்புதல் எந்தத் தேதியில் கொடுத்தேன், கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது என்று படித்தார். ஏழாம் நாள் அந்த அம்மாள் வாசலில் நின்றபோது தான் வீட்டுக்குள் இருந்ததை மட்டும் ஒப்புக்கொண்டார். "அது என் தவறு" என்றார். அவையில் சத்தமே இல்லை. தீர்மானம் நிறைவேறியது, அவர் பதவி போயிற்று. வெளியே போகும்போது அந்த அம்மாளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று ஒன்பது பக்கம் எழுதினேன். விரல் வீங்கிவிட்டது. என் முப்பத்து மூன்று ஆண்டுப் பணியில் நான் எழுதியவற்றில் பெருமைப்படுவது அந்த ஒன்பது பக்கங்களைத்தான். எவர் வேண்டுமானாலும் எடுத்துப் படித்து அந்த ஊரில் ஏன் தலைவர் மாறினார் என்று தெரிந்துகொள்ளலாம்.

நெல்லைக்குத் திரும்புகிறேன். ஜனவரியில் காப்பாற்றப்பட்ட மேயர், ஜூலை 3ஆம் தேதி பதவி விலகினார். அதே நாளில் கோவை மேயர் கல்பனா ஆனந்தகுமாரும் விலகினார். உடல்நிலை, குடும்பச் சூழல் என்பவைதான் வெளியே சொல்லப்பட்ட காரணங்கள். அந்த மாதமே 29ஆம் தேதி காஞ்சிபுரத்தில் மேயர் மகாலட்சுமி யுவராஜ்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். அங்கேயும் உறுப்பினர் ஒருவரும் கூட்டத்துக்கு வரவில்லை, தீர்மானம் விழுந்தது. நெல்லையில் நடந்தது தற்செயல் என்று என்னைத் தேற்றிக்கொள்ள அதற்குப் பிறகு முடியவில்லை.

ஆகஸ்ட் 5ஆம் தேதி இங்கே புது மேயர் தேர்தல். கட்சி அறிவித்த வேட்பாளர் ராமகிருஷ்ணன். கிட்டு என்றால்தான் ஊருக்குத் தெரியும், சைக்கிளில் போய்வருகிறவர் என்று பேர் வாங்கியவர். அவரை எதிர்த்து அதே கட்சியின் பவுல்ராஜ் நின்றார். ரகசிய வாக்குப்பதிவு. கிட்டுவுக்கு 30, பவுல்ராஜுக்கு 23. அந்த 23ஐப் பார்த்ததும் ஜனவரிக் கூட்டம்தான் என் நினைவுக்கு வந்தது. வெளிச்சத்தில் வந்து உட்காரவே துணியாதவர்களுக்குச் சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட மட்டும் துணிவு இருந்திருக்கிறது. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அடுத்த முறை வாய்ப்புத் தரப்போவது தெருக்காரர்கள் இல்லையே, கட்சிதானே.

நேரடித் தேர்தல் இருந்தால் இப்படி நடக்குமா என்று நீ கேட்பாய். எனக்கும் பல காலம் அதுதான் எண்ணம். 1996இல் நம் ஊர் முதன்முறையாக மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தது உனக்கு நினைவிருக்கும். நான் தேர்தல் பணிக்கு வெளியூர் போயிருந்தேன். நீ இரண்டு சீட்டில் முத்திரை குத்திவிட்டு வந்ததாக எனக்கு அஞ்சலட்டை போட்டாய். வார்டுக்கு ஒன்று, மேயருக்கு ஒன்று. உமா மகேஸ்வரி ஜெயித்தார், நெல்லையின் முதல் மேயர் ஒரு பெண் என்று நாம் மகிழ்ந்தோம். 2019இல் அவர் தம் வீட்டிலேயே கொலையுண்ட செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரடி முறையை 2006இல் மாற்றினார்கள், 2011இல் திருப்பிக் கொண்டுவந்தார்கள், பிறகு மறுபடி மாற்றினார்கள், 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறைமுகத் தேர்தல் என்று முடித்தார்கள். ஒவ்வொரு முறையும் ஆளும் கட்சிக்கு எது வசதியோ அதுவே சட்டமாயிற்று.

ஆனால் என் எண்ணத்தை அசைத்தது 2013இல் நீ டொராண்டோவிலிருந்து எழுதிய கடிதம். அதை இன்னும் வைத்திருக்கிறேன், நேற்று எடுத்துப் படித்தேன். உங்கள் ஊர் மேயர் தேர்தலில் ராப் ஃபோர்டுக்கு 2010இல் நீ வாக்களித்தவன். வாகனப் பதிவு வரியை நீக்கியதும் என்னவொரு மகிழ்ச்சி உனக்கு! நூற்றில் 47 வாக்குகள் வாங்கி மக்களால் நேரடியாக வந்தவர். மூன்றே ஆண்டில், போதைப்பொருள் புகைத்ததைத் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார். பதவியை விட்டுப் போகமாட்டேன் என்றார். மன்றத்துக்கு அவரை நீக்கும் அதிகாரம் சட்டத்தில் இல்லை. அதனால் அவர்கள் தாங்கள் கொடுத்த அதிகாரங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினார்கள். நவம்பர் 15ஆம் தேதி 39க்கு 3, 41க்கு 2 என்று வாக்குகள். 18ஆம் தேதி அவருடைய அலுவலக நிதியைக் குறைத்து, பொறுப்பைத் துணை மேயர் நார்ம் கெல்லியிடம் கொடுத்தார்கள். பெயரளவில் மேயராக ஃபோர்டு காலம் முடியும்வரை இருந்தார்.

நீ வெட்கப்பட்டு எழுதியிருந்தாய். அவையில் மேயர் ஓடிவந்து ஒரு பெண் உறுப்பினர்மேல் மோதி அவரைக் கீழே தள்ளியதைத் தொலைக்காட்சியில் பார்த்ததாகவும், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் நம் ஆட்களே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டதாகவும். எனக்கு அப்போது தோன்றியதும் இப்போது தோன்றுவதும் வேறு. அப்போது, "இப்படிப்பட்டவரை நீக்க ஒரு வழி இல்லாத சட்டம் என்ன சட்டம்?" என்று உனக்குப் பதில் எழுதினேன். எங்களிடம் நீக்கும் வழி இருக்கிறது என்ற நிமிர்வோடு எழுதினேன். நேற்று படிக்கும்போது பொறாமையாக இருந்தது. அங்கே யார் எழுந்தார்கள், என்ன சொன்னார்கள், எந்தப் பக்கம் வாக்களித்தார்கள் என்று பேர் பேராக உனக்குத் தெரிந்திருந்தது. உன் வட்டாரத்து உறுப்பினரை மறுநாள் கடையில் பார்த்து ஏன் அப்படி வாக்களித்தாய் என்று நீ கேட்டிருக்கிறாய். இங்கே என் வார்டு உறுப்பினரிடம் நான் என்ன கேட்பேன்? அவர் பேசவுமில்லை, வாக்களித்தது எந்தப் பக்கம் என்று சொல்லவும் வேண்டியதில்லை.

சரவணனுக்காகவும் வருந்துகிறேன். அவர் நல்ல மேயரா என்று தீர்ப்புச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் 38 பேர் நம்பவில்லை என்று ஊரெல்லாம் பேசப்பட்ட ஒருவருக்கு, எதனால் என்று கேட்டு, அவையில் நின்று பதில் சொல்லும் இரண்டு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. பழியும் தீரவில்லை, பதிலும் பதிவாகவில்லை. நான் பார்த்த அந்தத் தலைவர் தோற்றாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனார்.

கிட்டு நல்லபடியாகச் செய்யட்டும். அந்த 23 பேரும் இனியாவது வாய் திறந்து பேசட்டும். அடுத்த மன்றக் கூட்டத்துக்குப் பார்வையாளராகப் போக அனுமதி கேட்கலாம் என்றிருக்கிறேன். உன் தங்கச்சி, "இந்த வயதில் எதற்கு?" என்கிறாள். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய் மூலையில் உட்காரப்போகிறேன். கை இன்னும் நடுங்கவில்லை.

நீ மார்கழியில் வருவதாகச் சொன்னது உறுதிதானே? என் தங்கச்சிக்கு, உன் மனைவிக்கு, முழங்கால் வலி என்றாயே, விமானத்தில் நடுவில் நடக்க வசதியான இருக்கையாகப் பார். வரும்போது 2013 நவம்பரில் நீ கத்தரித்து வைத்த நாளிதழ்த் துண்டுகளையும் எடுத்து வா. யார் யார் எப்படி வாக்களித்தார்கள் என்று அச்சிட்டிருந்த அந்தப் பக்கம் கட்டாயம் வேண்டும். நெல்லையப்பரைப் பார்த்துவிட்டு, சந்நிதித் தெருவில் அல்வா வாங்கிக்கொண்டு, குறுக்குத்துறைப் படிக்கட்டுக்குப் போவோம். சேற்றையெல்லாம் கழுவிவிட்டார்கள்.

உன்,
விடுதி அறைத் தோழன்